ஆர்டித் வென்சலின் சட்டை வால்

ஜூலை மாத வெயிலில், முற்றத்தின் நடுவே, ஆர்டித் வென்சல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். கோட்டுக்குள்ளே தடித்த ஃபிளானல் சட்டை. அதற்குள்ளே நீளக்கை பனியன். எல்லாவற்றுக்கும் மேலே, வேட்டைக்குப் போகிறவர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சு நிற அங்கி. கைகளில் உறை வேறு. வியர்வை மூக்கு நுனியில் தேங்கிச் சொட்டியது. துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, குழாயைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றுவிட்டாள்.

"ஆர்டித், உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டரக் கூப்பிடவா?"

"தையக்காரன் உடம்ப அளக்கறதில்லையா? அதான் நடக்குது. மான் ஜூலையிலயா வருது? பனியிலதானே வருது. பனிக்காலத்து உடம்புக்குத்தான் அளவு எடுக்கணும்."

"அப்ப பனிக்காலத்துல அளக்க வேண்டியதுதானே?"

"பனிக்காலத்துல அளந்தா அப்புறம் எப்ப கட்டைய அறுக்கறது? போன வருஷம் கோட்ட விட்டது போதும்மா. நீ தக்காளியப் பாரு."

துப்பாக்கியின் பின்கட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு உள்ளே போனாள். போன வருஷம் அவள் கோட்டை விட்டது ஊருக்கே தெரியும். ஆனால் அவள் வயிறு எரிந்தது அதற்காக இல்லை. அதற்குப் பிறகு நடந்ததற்காக.

பென்சில்வேனியாவின் வடக்கே, பாட்டர் மாவட்டத்து மலையடியில் இருக்கிற அந்த ஊரில், நன்றியறிதல் திருநாள் முடிந்து வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, தொழிற்சாலையில் ஆள் கிடையாது. எல்லாரும் மானுக்குப் போய்விடுவார்கள். ஆர்டித் மட்டும் போனதில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஊர்க் கசாப்புக் கடையின் பின்கட்டில் கத்தி பிடித்தவள் அவள். ஊரே மலைக்குப் போகிற வாரத்தில்தான் அவளுக்குத் தலைக்குமேல் வேலை. சுட்ட மான் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். தோலை உரித்து, எலும்பைக் கழித்து, பொட்டலம் கட்டி, பேர் எழுதி அனுப்ப வேண்டும். கல்யாணம் ஒன்று ஆகி, சரிப்படாமல் முறிந்து, பிறந்த வீட்டுப் பேரையே மறுபடி வைத்துக்கொண்டதும் அந்தக் கத்தியைக் கீழே வைக்காமல்தான்.

ஊர்ப் பாதிரியாருக்கு ஆண்களின் வாய் சொன்ன பாவங்கள் தெரியும். ஆர்டித்துக்கு அவர்கள் கை செய்த பாவங்கள் தெரியும். குண்டு எங்கே பட்டது, எத்தனை குண்டு, எவன் பதறிச் சுட்டான், எவன் பொறுத்துச் சுட்டான், எல்லாவற்றையும் இறைச்சி சொல்லிவிடும். ஆஸி கோவாலிக் என்று ஒருவன் உண்டு. பால் வண்டி ஓட்டுகிறவன், வாய்ச்சொல்லில் வீரன். ஒருமுறை மதுக்கடையில் நின்றுகொண்டு, "ஒரே குண்டு! ஆள் அப்படியே சாஞ்சிட்டான்!" என்று முழங்கினான். மூலையில் உட்கார்ந்திருந்த ஆர்டித் தலையைக்கூடத் திருப்பாமல் கேட்டாள்:

"எந்தக் குண்டு ஆஸி? பின்தொடையில இருந்ததா, வயித்துல இருந்ததா, இல்ல காதுல ஓட்ட போட்டதா?"

அன்றைக்குக் கடையே சிரித்தது. ஆஸியும் சிரித்தான், பாவம், வேறு வழி இல்லை.

கடை முதலாளி கடையை மூடிவிட்டு வெயில் தேசம் பார்த்து ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனபோது, எலும்பு அறுக்கும் பட்டை ரம்பத்தை ஆர்டித்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். வாழ்நாளில் முதல் முறையாக அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு ஓய்வு. அதே இலையுதிர் காலத்தில் தீயணைப்பு நிலையத்துக் குலுக்கலில் அவள் ஒரு சீட்டு வாங்கியிருந்தாள். அவள் கண் இரண்டாம் பரிசின் மேல். அது ஒரு பெரிய குளிர்ப்பெட்டி. விழுந்ததோ முதல் பரிசு: பளபளவென்று மெருகேற்றிய வால்நட் கட்டையும், குறி பார்க்கக் கையளவு அகலக் கண்ணாடி வைத்த ஸ்கோப்பும் கொண்ட புத்தம் புது ரைஃபிள். ஆறடி ஆண்பிள்ளைக்குச் செய்தது. ஆர்டித்தோ முட்டைக்கோஸ் பீப்பாய் உயரம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவளும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அவள் தம்பி டெல்மர்தான் மலைமேல் இருக்கிற வென்சல் முகாமுக்குத் தலைவன். முகாம் என்றால் ஒரு மரக் குடில், ஒரு விறகு அடுப்பு, வரிசையாகக் கட்டில்கள். தாத்தா கட்டியது. பெண்கள் யாரும் அங்கே தங்கினதில்லை. "நானும் வரேன்" என்று ஆர்டித் சொன்னபோது டெல்மர் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி வா, விருந்தாளியா வா" என்றான். நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற அநியாயம் தனி ரகம்.

அந்த முகாமில் ஒரு வழக்கம். குறி தவறியவன் சாயங்காலம் சட்டை வாலைக் கொடுத்துவிட வேண்டும். தலைவன் கத்தரியால் சட்டையின் பின்முனையை வெட்டி, அதில் பேரும் வருஷமும் எழுதி, தவறியவன் சொல்லுகிற காரணத்தையும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பான். தாத்தா காலத்துத் துணியெல்லாம் புகை படிந்து பழுப்பேறித் தொங்கும். 'சூரியன் கண்ணில் பட்டது.' 'கிளை குறுக்கே வந்தது.' 'ஸ்கோப்பு ஆடிவிட்டது.' 'டெல்மர் தும்மினான்.' ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தச் சுவர் முழுக்கக் கோணல் கூடங்கள்தான். கொம்போ துணியோ, இரண்டில் ஒன்று சுவர் ஏறினால்தான் முகாமில் ஒருவன் ஆள். அதுவரை விருந்தாளி.

அந்த முதல் வருஷம் ஆர்டித்தின் மரத்தடிக்கு ஒரு கொம்புமான் வந்தது. வீட்டு வாசலில் நாய் வந்து நிற்குமே, அவ்வளவு பக்கம். துப்பாக்கியைத் தூக்கினாள். நீளமான பின்கட்டை கோட்டின் கம்கட்டில் சிக்கிக்கொண்டது. பிடுங்கித் தோளில் வைத்தால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியில் கறுப்பு வட்டமும் நகக்கண் அளவு வெளிச்சமும். அந்த வெளிச்சத்தில் தெரிந்ததும் வெறும் மயிர். எந்த இடத்து மயிர் என்று யாருக்குத் தெரியும்? விசையை இழுத்தாள். மான் போய்விட்டது. குருவி தலையில் பனங்காய் வைத்தால் வேறென்ன ஆகும்?

சாயங்காலம் முகாமுக்கு வந்து, "விட்டுட்டேன்" என்றாள். அவளே ஃபிளானல் சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவிவிட்டுக்கொண்டாள். டெல்மர் ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்தான். அக்காவைப் பார்த்தான். கத்தரியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டான்.

"விடுங்கப்பா. விருந்தாளி."

"பொம்பளப்பிள்ள சட்டைய வெட்டினா கை அழுகிடும்" என்றான் ஆஸி. எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். பன்றி இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார்கள். ஆர்டித் அதை மென்று விழுங்கினாள். உருவிய சட்டையை மெள்ள உள்ளே செருகிக்கொண்டாள். கேலி செய்து வெட்டியிருந்தால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். இரக்கப்பட்டு விட்டார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளை ஆளாகவே கணக்கில் எடுக்காதவர்கள்தான் அவள் தவறையும் கணக்கில் எடுக்காமல் விட முடியும்.

அன்றே முடிவு செய்தாள். அடுத்த வருஷம் கொம்பை அடித்துச் சுவரேற்றுவது. அதற்கு முதலில் இந்தத் துப்பாக்கியைத் தன் உடம்புக்கு ஆக்குவது.

யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? டெல்மர் பட்டியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, இன்னும் பெரிய ஸ்கோப்பு வாங்கச் சொன்னான். ஆஸி, குழல் முனையில் ஒரு சாமான் முடுக்கினால் சுடும்போது தோளில் விழுகிற உதை பாதியாகும் என்றான்.

"சத்தம் ரெண்டு மடங்காகும். உன் பேச்சக் கேட்டே என் காது பாதி போச்சு, மீதியாவது இருக்கட்டும்" என்றாள்.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவன் லைல். நல்ல கைத்தொழில்காரன், ஆனால் வியாபாரி. ஆர்டித் உள்ளே நுழைந்ததுமே மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பின்கட்டையை எடுத்து வைத்தான். இளஞ்சிவப்பு நிறம், அதில் இலை இலையாகப் படம்.

"லேடீஸ் மாடல். குட்டை அளவு. இப்ப எல்லாரும் இதான் கேக்கறாங்க."

ஆர்டித் அதைத் தொடக்கூட இல்லை. "லைல், நான் மானச் சுடப் போறேனா, மானோட பொறந்தநாள் விழாவுக்குப் போறேனா?"

"சும்மா காட்டினேன்மா."

"எனக்கு வேணுங்கிறதச் சொல்றேன், கேட்டுக்க. இந்தப் பெரிய கண்ணாடிய நீ எடுத்துக்க. எனக்குச் சின்னதா, தாழ உக்கார்ற மாதிரி ஒண்ணு குடு. நான் உக்கார்ற இடம் புதர்க்காடு. அங்க மான் வந்தா எதிர்ல வந்து நிக்கும். அதப் பெருசாக்கிப் பார்த்தா மயிருதான் தெரியும். முழு மானும் தெரியணும். அப்புறம், நல்லாப் பின்னால தள்ளி மாட்டு. நான் கழுத்த நீட்டக் கூடாது, அதுதான் என் கண்ணுகிட்ட வரணும்."

லைல் தலையாட்டினான். "விசைய வேணா கொஞ்சம் இளக்கித் தரவா? தொட்டா வெடிக்கும். பொம்பள விரலுக்கு..."

"எலும்புல இருந்து கறிய இழுத்த விரல் இது. கையுறையோட தொட்டா வெடிக்கறது எனக்கு வேணாம். எனக்கு முன்னால காட்டுல ஆளுங்க நடமாடறாங்க. விசை இருக்கறபடி இருக்கட்டும். பட்டி மட்டும் அகலமாக் குடு, தோள அறுக்காம. பின்னால வைக்க நல்ல ரப்பர் மெத்த ஒண்ணு."

"கட்டைய நான் வெட்டித் தரேன். வச்சிட்டுப் போ. சீசனுக்கு முன்னால ஆயிடும்."

"நீ வெட்டினா உன் கோட்டு அளவுக்கு வெட்டுவ" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பென்சில் கோட்டின் மேல் ஒட்டுத்தாளை இறுகச் சுற்றி, மெருகு பெயராமல் பார்த்துக்கொண்டு, கசாப்புக் கடைப் பட்டை ரம்பத்தில் அவள் அந்த வால்நட் கட்டையை அறுத்த நாளன்று டெல்மர் எதற்கோ வந்து தொலைத்தான். வாசலில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! என்ன காரியம் பண்ற! புதுத் துப்பாக்கி! இத இனிமே எவன் வாங்குவான்?"

காரியம் ஆகவேண்டும் என்றாலும் பயந்தாலும்தான் அவன் அக்கா என்பான். மற்ற நேரமெல்லாம் பேர் சொல்லித்தான்.

"நான் விக்கறேன்னு சொன்னேனா?"

"எலும்பு அறுக்கற ரம்பத்துலயா?"

"அது எலும்பயே நேரா அறுக்கும். கட்டைய அறுக்காதா?" அறுந்து விழுந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இந்தா, அளவு பாத்துக்க. இவ்வளவுதான் அந்தச் சாமான்ல எனக்கு ஆகாதது. மிச்சமெல்லாம் என்னுது."

செய்தி பரவியது. மதுக்கடையில் ஒருவாரம் வேறு பேச்சில்லை. பன்றித் தொடையை அறுக்கிற மாதிரி அறுத்துவிட்டாள், துப்பாக்கியைச் சாப்பிடப் போகிறாள்போல, என்றெல்லாம் சொன்னார்கள். ஆர்டித் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் மெத்தையை முடுக்கி, விளிம்பைத் தேய்த்து, கோட்டு, ஆரஞ்சு அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு மணல் குவாரிக்குப் போனாள். தோளில் வைத்ததும் கண்ணாடியில் வட்டம் முழுசாக வெளிச்சம். கறுப்பு இல்லை, கழுத்து நீட்டல் இல்லை. காகிதத் தட்டை ஆணியடித்துச் சுட்டாள். குண்டுகள் தட்டின் நடுவே, ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழுந்தன. அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

திங்கட்கிழமை வந்தது. விடியுமுன்னே பனி கொட்டி ஓய்ந்திருந்தது. குழல் வாயில் பனி புகாமல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, ஆர்டித் தன் ஹெம்லாக் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். தொலைவில் அங்கும் இங்கும் வெடிச்சத்தம். நண்பகல் நெருங்கும் நேரத்தில், கீழ்ச்சரிவிலிருந்து அது ஏறி வந்தது. இப்படி ஒரு கொம்பை அவள் கடை மேசையில்கூடப் பார்த்ததில்லை. கிளை கிளையாக விரிந்து, தந்தம்போல் வெளுத்த நுனிகள்.

துப்பாக்கி தானாக ஏறித் தோளில் உட்கார்ந்தது. எங்கும் சிக்கவில்லை. கண்ணாடியில் முழு மான். விசையை இழுத்தாள், சுத்தமாக வெடித்தது.

மான் துள்ளித் திரும்பிச் சரிவிறங்கிப் போய்விட்டது.

ஆர்டித் எழுந்துபோய், அது நின்ற இடத்தைப் பார்த்தாள். தடம் பிடித்து நெடுந்தூரம் நடந்தாள். ஒரு துளி ரத்தம் இல்லை, ஒரு மயிர் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், மான் நின்ற இடத்துக்குப் பின்னால், அதன் தலைக்கும் மேலான உயரத்தில், ஒரு மரப்பட்டையில் குண்டு துளைத்திருந்தது. அந்தத் துளையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுடும்போது அவள் கண் மானின் தோளில் இல்லை, கொம்பில் இருந்தது. கண் போன இடத்துக்குக் குண்டும் போயிருக்கிறது. கொம்புக்கு அலைந்து கோட்டைவிட்ட எத்தனை பேரை மேசைக்குப் பின்னால் நின்று கேலி செய்திருப்பாள்! வாய்விட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

முகாமில் அடுப்பு மேல் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது. அன்று சமைப்பது ஆஸியின் முறை.

"உன் பக்கம் சத்தம் கேட்டுச்சே" என்றான் டெல்மர். "விழுந்துச்சா?"

"இல்ல. விட்டுட்டேன். பட்டப் பகல்ல, முழுசா நின்னத விட்டுட்டேன்."

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை ஆர்டித் பார்த்தாள். போன வருஷத்து அதே பார்வை.

"கிளை ஏதாவது குறுக்க வந்திருக்கும்" என்றான் ஆஸி, கிண்டிக்கொண்டே.

"கிளையெல்லாம் இல்ல," என்றான் டெல்மர், ஆறுதலாக. "அந்தத் துப்பாக்கிதான். நான்தான் சொன்னேனே, கட்டைய அறுக்காதன்னு. ஸ்கோப்பையும் மாத்தி... அது எப்படி நேராச் சுடும்? உன் தப்பு இல்ல ஆர்டித். விடு, வந்து சாப்பிடு."

ஆர்டித் கையுறையைக் கழற்றி மேசைமேல் வீசினாள்.

"துப்பாக்கியச் சொல்லாத. அதுல ஒரு குத்தமும் இல்ல. இந்த முகாம்ல இருக்கறதுலயே நேரான துப்பாக்கி அதுதான். போன வருஷம் குத்தம் பாதி அதோடது, பாதி என்னோடது. இந்த வருஷம் முழுசும் என்னோடது. அதுக்குத்தான்டா வருஷம் முழுக்கப் பாடுபட்டேன். அத நீ என்கிட்டேர்ந்து புடுங்கப் பாக்கறியா?"

"நான் என்ன புடுங்கினேன்?"

"கத்தரிய எடு."

"அக்கா..."

"அக்கான்னா சட்டை இல்லையா? எடு."

"அசிங்கமா இருக்கும். நாளைக்கு ஊர்ல பேசுவாங்க, டெல்மர் அக்கா சட்டையக் கிழிச்சான்னு."

"போன வருஷமும் பேசினாங்க. அவ தம்பி அவளுக்குச் சலுகை குடுத்தான்னு பேசினாங்க. எது அசிங்கம்? நானும் இந்தக் காட்டுல, இந்தக் குளிர்ல, உங்களப் போலவேதான் உக்காந்தேன். உங்களப் போலவேதான் விட்டேன். ஆஸி மூணு துணி தொங்க விட்டிருக்கான், அவன் நிமிர்ந்து நடக்கல? வெட்டறதுக்குத் தைரியம் இல்லன்னா சொல்லு, தலைவர் வேலைய வேற ஆளுகிட்டக் குடு."

"நாலு" என்றான் ஆஸி, மெதுவாக. "ஒண்ணு கதவுக்குப் பின்னால இருக்கு."

ஆர்டித் சட்டையை உருவி வெளியே விட்டாள். முதுகைத் தம்பிக்குக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். அடுப்பில் விறகு வெடித்தது. கடைசியில் டெல்மர் எழுந்த சத்தம் கேட்டது. ஆணியிலிருந்து கத்தரி இறங்கியது. ஃபிளானலில் அது நறநறவென்று போகிற சத்தம் காதில் விழுந்தபோது ஆர்டித்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாருக்கும் காட்டாமல் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"முன்னாடியும் வெட்டு."

"முன்னாடி எதுக்கு?"

"அது போன வருஷத்துக்கு."

ஆஸி கரண்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினான். "ஒரே நாள்ல ரெண்டு! தாத்தா காலத்துலேர்ந்து எவனும் செய்யலடா!" கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது அன்பான சிரிப்பு இல்லை. நல்ல, கேவலமான, வயிறு குலுங்குகிற சிரிப்பு. ஒருவன் அவளை மானுக்குக் காதல் கடிதம் எழுதச் சொன்னான். கண் தெரியாத கசாப்புக்காரி என்றான் இன்னொருவன். ஆர்டித் எல்லாருக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள்.

டெல்மர் இரண்டு துணியையும் மேசைமேல் விரித்து, கறுப்புப் பேனாவால் வருஷத்தை எழுதினான். பேர் எழுதும் இடத்தில் நின்றான்.

"முழுப் பேரா?"

"முழுப் பேர். உன் அக்கான்னு எழுதினா கையை ஒடிப்பேன்."

எழுதினான். "காரணம் என்ன போட?"

சுவரில் தொங்கிய சூரியனையும் கிளையையும் தும்மலையும் ஆர்டித் ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணும் போடாத. சுட்டேன், படல. அவ்வளவுதான்."

அப்படியே ஆணி அடித்தான். நூடுல்ஸ் அடிப்பிடித்துப் போயிருந்தது. ஆஸியைத் திட்டிக்கொண்டே எல்லாரும் சாப்பிட்டார்கள், அவளும் சேர்ந்து திட்டினாள்.

மறுநாள் காலை, மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டெல்மர் வேண்டியதற்கு மேலேயே வெட்டியிருந்தான். முன்னாலும் பின்னாலும் செருகத் துணி இல்லாமல், இடுப்பில் ஊசிக் குளிர் ஏறியது. "தடியன், வெட்டத் தெரியுதா பாரு" என்று முணுமுணுத்தபடி, ஆர்டித் வென்சல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் மரத்தடிக்கு நடந்தாள்.